ஒரே ஸஹன்

கனமூலை ஊர்க் கல்யாண வீட்டில், சேர்ந்திருந்து சாப்பிடும் பெரிய ஸஹன் தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் இருக்கிறார்கள். ஒல்லியான மர்ளியாவின் கைப்பையில், காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் யாருக்கும் காட்டாமல் மடிந்து கிடக்கிறது: கொலஸ்ட்ரோல் இருநூற்றெண்பது. எதிரே பருத்த உடம்போடு நெய்ச்சோறு பிசையும் மதினி ஷிம்லா, தனக்கு நூற்றைம்பதுதான் என்று எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். ஒரே அடுப்படிச் சாப்பாடு, இவளுக்கு மட்டும் எப்படி? தகரக் கூரை ஓட்டையால் விழும் வெயில் ஷிம்லாவின் வளையலில் மின்னுகிறது. அதற்கும் மர்ளியாவுக்கு வயிறெரிகிறது. ஷிம்லாவின் விரல்கள் இறைச்சியிலிருந்து மஞ்சள் கொழுப்பைப் பிய்த்து, வழக்கம்போல மர்ளியாவின் பக்கம் தள்ளுகின்றன.

"தின்னுங்க மதினி. எனக்குத்தான் கொழுப்பு தொண்டையில எறங்காதே. பதினெட்டு வருஷமா எல்லாம் ஒங்களுக்குத்தானே தாறன்."

இத்தனை நாளும் அதைப் பாசமென்று தின்றவளின் கை, சோற்றில் அப்படியே நின்றுவிடுகிறது.