அரை வரி

மேற்கு வெயில், ஏழெட்டு வீடுகள் சேர்ந்த வளவின் பொதுக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. தூர் வாரி முடித்தாயிற்று. அள்ளிப் போட்ட சேறு பக்கத்தில் கறுப்பாகக் குவிந்து நாறுகிறது. பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த செல்லத்தாய் கையில் ஏறிய வெள்ளி மருந்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள், போகிற வழியாயில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வந்த கரண்டி, துருப்பிடித்த கப்பி, நசுங்கிய வாளி எல்லாம் துவைகல்லின் மேல் காய்கின்றன. தூர் வாரிய கூலியை வீடு வீடாக வசூலிக்கிற பெத்தணன், ஞானஜோதி டீச்சர் கொடுத்த இரண்டு ரூபாயில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறார்.

"ஒங்களுக்கு இனிமே அரை வரிதான் டீச்சர். ஆம்பள இல்லாத வீட்டுக்கு அதான நம்ம வளவு வழக்கம்."

குரலில் இரக்கம்தான் இருக்கிறது. செல்லத்தாய் கழுவுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். ஞானஜோதியின் பார்வை துவைகல்லின் ஓரத்துக்குப் போகிறது. வாய்வரை சேறு அடைத்த ஒரு பித்தளைச் செம்பு. எடுத்து முந்தானையால் துடைக்கிறாள். புள்ளி புள்ளியாக வெட்டிய கணவர் பெயர் தெரிகிறது: செல்வநாயகம். இதைக் கைதவறி உள்ளே விட்டுவிட்டு, அன்றைக்கெல்லாம் அசடு வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அந்த ரூபாயைப் பெத்தணன் கையிலேயே மறுபடி வைக்கிறாள்.

"இது சாரோட பங்கு. வச்சுக்கிடுங்க."

பெத்தணன் ரூபாயைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அவள் செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள். பானைத் தண்ணீரை அதில் நிறைய மொண்டு வைக்கிறாள். பழக்கத்தில் இரண்டு தம்ளர் எடுத்தவள், ஒன்றை மறுபடி அலமாரியில் கவிழ்க்கிறாள்.