மூன்றாவது வீடு

நீலக் கதவைத் திறந்த அம்மாள் தலையில் ஈரத்துண்டு கட்டியிருந்தார்.

“வீட்டைப் பாக்க வந்திருக்கோம்” என்றார் லிஃப்ட் மெக்கானிக். பின்னால் மனைவியும் மகளும். மகள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு முழுதாகத் திறந்துவிட்டது.

“வாங்க, வாங்க. காலையிலேர்ந்து உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நினைவில்லம் என்றால் முறைக்கிற காவலாளியும் ‘தொடாதே’ பலகையும்தான் அவருக்குத் தெரியும். ஒரு பெரிய நாவலாசிரியர் வாழ்ந்த வீட்டில் இப்படி ஒரு வரவேற்பா!

தெருமுனையிலிருந்து மூன்றாவது வீடு என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். மாடிகளை எண்ணுவதுபோல விரலை நீட்டி, வேறெதையும் பார்க்காமல் எண்ணிக்கொண்டே வந்து, யாரையும் கேட்காமல் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

அந்தப் பழைய நகரமே நாவலாசிரியரின் பெயரைச் சொல்லித்தான் பிழைத்தது. பாலத்துக்கு அவருடைய கதாநாயகியின் பெயர். பூங்கா பெஞ்சுகளில் அவருடைய வரிகள். முடிதிருத்தும் கடையில்கூட அவர் படம். நேற்று முழுவதும் சுற்றியும் மகள் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வார விடுமுறையில் இவ்வளவு தூரம் வந்ததே அவளுக்காகத்தான்.

சின்ன வயதிலிருந்து கதை கதையாக எழுதித் தள்ளியவள். போன வருடம் கல்லூரி மேடையில் ஒரு கதை வாசித்தாள். அழவேண்டிய இடத்தில் அரங்கமே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு மூடிய பேனாதான். கேட்டால், “அதெல்லாம் சின்னப்புள்ளத்தனம்ப்பா” என்பாள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் மெக்கானிக்குக்கு இன்றைக்கும் வயிறு எரியும். பெரிய எழுத்தாளர் புழங்கிய இடத்தைப் பார்த்தாலாவது அவள் மனசு மாறாதா என்று ஒரு நப்பாசை.

அந்த அம்மாள் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினார். எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும், எந்த ஜன்னல் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் என்றெல்லாம் விளக்கினார். எழுத்தாளரின் குளியலறையைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று மெக்கானிக் பக்தியோடு தலையாட்டினார்.

மனைவிதான் அவர் விலாவில் இடித்தாள். “ஏங்க, புத்தகம் ஒண்ணுகூடக் காணோமே?”

“எளிமையா வாழ்ந்திருக்காரு” என்று அடித்துவிட்டார்.

கடைசி அறையில் ஜன்னலோரம் கனத்த மேசை ஒன்று. மேலே கருகிய தழும்பு. விடிய விடிய விளக்கெரிய வைத்து எழுதியிருப்பார், பாவம்.

மகள் அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, பேனா இருந்தா குடேன்.”

மனைவிக்குக் கை ஓடவில்லை. பையைக் கவிழ்த்துப் பேனாவைத் தேடி எடுத்தாள். காகிதம் இல்லை. நகர வரைபடத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, அதை நீட்டினாள்.

மகள் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

மெக்கானிக் பூனைபோல நடந்து வாசலுக்கு வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை உள்ளே நின்று அவரால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வரிசை நின்றது. வரிசைக்குப் பின்னால் பித்தளைப் பலகை. பலகைக்குப் பக்கத்தில் நாவலாசிரியரின் சிலை.

திரும்பினார். நீலக் கதவின் மேல் ஓர் அட்டை தொங்கியது: வீடு வாடகைக்கு.

தெருமுனையைப் பார்த்து மறுபடி எண்ணினார். பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று. தரைத்தளத்தைப் பூஜ்ஜியமாக எண்ணியே பழகிய புத்தி, தெருவிலும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

அந்த அம்மாளைத் தனியே கூப்பிட்டு, வாய் குழற விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு துண்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“அது துணி தேய்க்கிற மேசைங்க!”

அந்த அம்மாள் அறையை எட்டிப் பார்த்தார். குனிந்த தலை நிமிரவில்லை. வரைபடத்தின் பின்பக்கம் பாதி நிறைந்திருந்தது.

“இருக்கட்டும், எழுதி முடிக்கட்டும். வாடகைக்குக் கேட்டவங்க வந்தா நான் சமாளிச்சுக்கிறேன்.”

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். மகளிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று முடிவுசெய்தார். தெரிந்தால் பேனா மறுபடியும் மூடிக்கொள்ளும். இந்தத் தடவை சிரிப்புக்கு ஆளானது அவளுடைய அப்பாவின் முட்டாள்தனம் என்றாலும், சிரிப்பு சிரிப்புதானே.

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

“வாசிக்கட்டுமா?”

அந்த மேடைக்குப் பிறகு அவள் யாருக்கும் எதையும் வாசித்ததில்லை. மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அந்த அம்மாள் கதவோரம் வந்து நின்றார்.

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“எங்கள் அப்பா எதை எண்ணினாலும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குவார்.”

அந்த அம்மாள்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். மனைவிக்கு அப்போதுதான் விளங்கியது, அவளும் சேர்ந்துகொண்டாள். மெக்கானிக் பதறிப்போய் மகளின் முகத்தைப் பார்த்தார்.

அவள் அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.