ஹோல்கரின் நீலக் கப்பல்

மீன் வைத்த ரொட்டித் துண்டு ஒன்று மைகனின் காதை உரசிக்கொண்டு பறந்து, சுவரில் ஒட்டிக்கொண்டது.

"என் கப்பலை வித்தது நீதானே? திருட்டுக் கழுத!" கைத்தடியை ஓங்கினார் ஹோல்கர். வயது எண்பத்தாறு. கைக்கு மட்டும் இருபத்தாறு.

மைகன் இரண்டடி பின்வாங்கினாள். இந்த முதியோர் இல்லத்தில் இன்று அவளுக்குச் சோதனை நாள். வேலை உண்டா இல்லையா என்று மூன்று மணிக்குத் தேர்வுக் குழு சொல்லிவிடும். ஏற்கெனவே இரண்டு இல்லங்களில், 'கோபக்காரர்களைச் சமாளிக்கத் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால், மறுபடி அப்பாவின் பன்றிப் பண்ணைதான்.

சாப்பாட்டு அறையில் வேறு யாரும் பதறவில்லை. ஜன்னலோரம் குத்ரூன் அம்மாள் பென்சிலும் தாளுமாகக் குனிந்திருந்தார். குறுக்கெழுத்துப் போலும். தடி உயர்ந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டார்.

மேலாளர் லிஸ்பெட் கதவோரம் நின்று காபி உறிஞ்சினாள். "என்னைப் பாக்காத. அவரைப் பாரு."

பயிற்சியில் சொன்னபடி மைகன் பக்கவாட்டில் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். "அமைதியா இருங்க ஹோல்கர். உங்ககிட்ட கப்பலே கிடையாது."

"கிடையாதா!" இப்போது கோப்பை பறந்தது.

பயிற்சி அத்தோடு முடிந்தது. மைகன் அவர் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன நிறம்?"

"என்னது?"

"உங்க கப்பல்."

ஹோல்கர் தடுமாறினார். "நீ... நீலம்."

"நீலத்தையா வித்தாங்க? மனுஷங்களா அவங்க! எங்கப்பா என் பன்னிக்குட்டிய வித்தப்ப நான் மூணு நாள் சாப்பிடல."

தடி மெல்ல இறங்கியது. "குட்டிக்குப் பேரு?"

"மந்திரி."

ஹோல்கருக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்தது. முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டார்.

"நீ வெளியில போய் உக்காரு" என்றாள் லிஸ்பெட். தோளில் மீன் வாடையோடு மைகன் வெளியேறினாள்.

கதவைச் சாத்திவிட்டு, லிஸ்பெட் அறையைப் பார்த்துத் திரும்பினாள். "குழு என்ன சொல்லுது?"

குத்ரூன் அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார்.

"வேலைய இவளுக்கே குடுத்துடலாம். ஆனா இதே வேலைக்கு வரச்சொன்ன அடுத்த பையனப் பாக்காம அனுப்புறது முறையில்ல, கூப்பிடு. ஹோல்கர் தடி ஓங்கினது போதும், அவன நான் கடிக்கிறேன்."