ஒரு முழம் பூசாத சுவர்

எலியேசர் என்ற யூதக் கொத்தனாரின் கரணைக்கு ஆறாத ஆத்திரம் ஒன்று இருந்தது. தம் இனத்தாரில் எவருடைய வீட்டைப் பூசினாலும், வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரத்தை அவர் பூசாமல் விட்டுவிடுவார். எருசலேமில் ஆலயம் இடிந்து கிடக்கும்வரை எவருடைய வீடும் முழுமையடையக் கூடாது என்பது அவருடைய முன்னோர் வழக்கம்.

“அரைகுறை வேலைக்காரி” என்று அதே பையில் கிடக்கும் தூக்குக்குண்டு சீண்டும்.

“எருசலேமுக்குப் போனதும் அந்த ஒரு முழத்தையும் பூசிக் காட்டுகிறேன், அப்புறம் பேசுடி” என்று கரணை சீறும்.

ஒருநாள் எலியேசர் உண்மையாகவே எருசலேமுக்குக் குடிபெயர்ந்தார். கப்பல் பயணம் முழுவதும் கரணை பைக்குள் குதித்துக்கொண்டே வந்தது. அங்கே அவர் தமக்கென்று ஒரு வீடு கட்டினார். மூன்று சுவர்களைப் பூசி முடித்து, எதிர்ச்சுவருக்கு வந்தார். அதையும் பூசிவர, அந்த ஒரு முழம்தான் பாக்கி. கரணை கலவையை அள்ளிக்கொண்டு பாய்ந்தது. எலியேசரின் கை அதை அப்படியே நிறுத்தியது.

“நாம்தான் வந்துவிட்டோமே!” என்று கரணை சுவரின் செங்கல்லிடம் பதறியது.

“நீ வந்துவிட்டாய். இடிந்த ஆலயம் இன்னும் எழவில்லையே” என்றது செங்கல்.

தூக்குக்குண்டு சிரிப்பதற்கு வாயைத் திறந்தது. கரணை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“அப்படியானால் அதைச் சீக்கிரம் எழச் சொல். கலவை இறுகிக்கொண்டிருக்கிறது.”