பதினேழும் பதினெட்டும்

இராஜரட்ணத்தின் வயிறு மறுபடியும் உருட்டியது.

டுரியான் துங்கால் கிளினிக்கில் அரைமணி நேரத்துக்குள் மூன்றாவது தடவையாக எழுந்தார். கழிப்பறைக் கதவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

பக்கத்தில் மனைவி மனோரஞ்சிதம் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பைக்குள் இரண்டு மாத்திரைப் புட்டிகள். அவருடையது பதினேழாம் எண். அவளுடையது பதினெட்டு.

“கிளேபாங்ல அந்தக் கோக்கனட் ஷேக் வேணாம்னு சொன்னேன்ல? கேட்டாதானே லா!”

அவர் விரல்விட்டு எண்ணினார். ஷேக் குடித்து ஒன்பது நாள் ஆகிறது. ஒரு ஷேக் ஒன்பது நாளா கலக்கும்?

முதுமையைத் தள்ளிப்போடும் மாத்திரையாம். நிஜமாகவே தள்ளிப்போடுமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனையே. பெரிய நோய் எதுவும் இல்லாத, அறுபத்தைந்தைத் தாண்டிய ஆட்கள் வேண்டும் என்றார்கள். இருவருமே பெயர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அசல் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்சுக்கே தெரியாது. அசல் என்றால் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரமே அவருக்குக் கலக்கியது. அவள் கல்லுப்போல இருந்தாள்.

அப்படியென்றால், கூடுதலாக ஏதாவது வருஷம் கிடைக்கப்போவது அவருக்கு. அவளுக்கு வெறும் மாவு.

அதெப்படி?

சிம்பாங் அம்பாட் தபால் நிலையத்தில் வேலை பார்த்த நாளில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர் அவர்கள் இருவருக்கும். மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டு வருகிறேன் என்று அவர் சொன்னார். அவள் அந்தக் கவுண்டரிலேயே பதினோரு வருஷம் காத்திருந்தாள். ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. கழுத்தில் தாலி ஏறியபோது காதோரம் நரைத்திருந்தது.

அந்தப் பதினோரு வருஷத்துக்கு என்ன செய்வது என்று அவருக்கு இதுவரை தெரிந்ததில்லை.

அந்த முதல் வாரம் முடிந்த அன்று தெரிந்தது.

மறுநாள் விடிகாலை காப்பிக்குத் தண்ணீர் வைத்தவர், கெட்டில் கக்கிய ஆவியில் இரண்டு புட்டிகளையும் காட்டினார். போஸ்ட்மாஸ்டர் சேகரித்த தபால்தலைகளை உறையிலிருந்து கிழியாமல் எடுக்க அந்தக் காலத்தில் பழகிய வித்தை. லேபிள்கள் பூப்போல உரிந்து வந்தன. பதினேழு இருந்த இடத்தில் பதினெட்டு, பதினெட்டு இருந்த இடத்தில் பதினேழு. அவசரத்தில் பதினேழு கொஞ்சம் சாய்ந்துதான் ஒட்டியது. பரவாயில்லை. காலைக் காப்பி கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலை. அந்த நேரத்தில் அவள் அடுப்படியை எட்டிப் பார்ப்பதே இல்லை.

அதன்பிறகு பத்து நாள் அவர் வயிறு சமர்த்தாக இருந்தது.

பிறகு ஏன் மறுபடியும்?

“அங்கிள், மாரத்தான் ஓடிட்டு வந்த மாதிரி இருக்கீங்களே!” நர்ஸ் லக்ஷனா கோப்போடு வந்து நின்றாள். “வயிறா? எழுதிக்கிறேன். ஆன்டி, உங்களுக்கு?”

மனோரஞ்சிதம் பையின் ஜிப்பைத் திறந்து எதையோ தேடினாள். “நடுவுல ஒரு பத்து நாள் சரியில்லம்மா. இப்ப ஓகே.”

பத்து நாளா?

ஒரே வீடு, ஒரே கழிப்பறை. அவரிடம் மூச்சு விடவில்லையே.

“புட்டியைக் கொடுங்க அங்கிள்.”

மனோரஞ்சிதம் எடுத்துத் தந்த பதினேழை வாங்கி நர்சிடம் நீட்டப்போனார். கை பாதியில் நின்றது.

லேபிள் சாய்ந்திருக்கவில்லை.

கோடு போட்டதுபோல நேராக இருந்தது. நான்கு ஓரமும் நகத்தால் அழுத்தித் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல். சிம்பாங் அம்பாட் தபால் நிலையத்தில் ஒரே ஒரு ஆள்தான் தபால்தலையை அப்படி ஒட்டுவாள். அதற்காகவே அவர் கவுண்டரை விட்டுவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் வரிசை நிற்கும்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த டெங்கிக் கொசு அறிவிப்பை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

லக்ஷனா பழைய புட்டிகளை வாங்கிக்கொண்டு, அதே எண்களில் இரண்டு புதிய புட்டிகளை மேசையில் வைத்தாள். அவர் கை நீட்டுவதற்குள் இரண்டும் கைப்பைக்குள் போய்விட்டன. ஜிப் இழுபட்டது.

“எந்திரிங்க, போலாம்,” என்றாள் மனோரஞ்சிதம். “நாளையிலருந்து காலையில காப்பி நான் போடுறேன்.”