வயர் இழுக்கிறவன்

"எனக்கு வாசிக்கத் தெரியாதுண்ணே. நான் வயர் இழுக்கிறவன்," என்றான் நுஃமான்.

பண்டமாரானில் அந்த வீட்டு வாசலை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெட்டியில் கார்த்திகேசு, மேடையில் போடும் அதே கறுப்புச் சட்டையில் கிடந்தார். முப்பது வருடம் கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளை எலெக்ட்ரிக் கிட்டாரால் பைத்தியம் பிடிக்க வைத்த மனிதர். மூன்று மணிக்குப் பெட்டியை ஏற்றிப்போக லோரி வந்துவிடும்.

"பத்து வருஷமா மச்சான் பின்னாலயே சுத்துன. ஒரு பாட்டு கூடவா ஒட்டல?" கமலநாதன் விடவில்லை. அவர் கார்த்திகேசுவின் மனைவி வாணிக்கு அண்ணன். "உருமி மேளம்லாம் அவருக்குப் பிடிக்காதுலா. அவரு பாட்டையே கேட்டுட்டுப் போகட்டும். தப்பா வாசிச்சா எழுந்து வந்து திட்டவா போறாரு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு மாதிரி யாரு வாசிக்கிறது?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். "போன வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாசிச்சாரு பாருங்க. அறுபது வயசு. இளவட்டமா இருந்தப்பகூட அப்படி வாசிச்சதில்ல."

அன்று வாசித்தது நுஃமான்.

பதினைந்து வயதில் கிள்ளான் திடலில் முதல்முறை அவரைக் கேட்டவன். அவருடைய பாட்டு ஒவ்வொன்றையும் வீட்டில் உட்கார்ந்து விரல் கிழிய வாசித்துப் பழகினான். மேடையில் ஏறினால் மட்டும் வாந்தி வந்துவிடும். அத்தாவின் துணிக்கடையை விட்டுவிட்டு அவருடைய வேனில் ஏறி, வயர் இழுக்க ஆரம்பித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகேசுவுக்கு லேசான பக்கவாதம் வந்துபோனது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து வந்த மேடையில் அவர் தடுமாறியதைப் பார்த்து நுஃமானே தெரிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு மேடையின் பின்னால், கறுப்புத் துணி மறைவில், ஸ்பேர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மிக்சரில் அவருடைய சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு அவன் வாசித்தான். அதை மறுபடி ஏற்றியதே இல்லை. கூட வாசிப்பவர்களுக்கு அவரவர் சத்தமே பெரிது. அவருக்கோ ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நின்று காது பாதி போயிருந்தது.

முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வருவார். "எப்படிடா இருந்துச்சு?"

"பழைய மாதிரியே இருந்துச்சுண்ணே."

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக நுஃமான் இருபத்தாறு மேடை மறைவில் வாசித்தான். தன் கைதான் வாசிக்கிறது என்று நம்பியே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். நுஃமானால் அவருக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

இப்போது இங்கே வாசித்தால் அதுவும் போச்சு. கூடாரத்தில் பாதிப் பேர் அவருடைய ரசிகர்கள். நாலு சுரம் கேட்டால் போதும், இரண்டு வருடமாகக் கேட்ட கை யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். பெட்டி வீட்டை விட்டுப் போவதற்குள் அவர் பேர் போய்விடும்.

வாணி வெளியே வந்தார். "அண்ணி, நீங்களாச்சும் வேணாம்னு சொல்லுங்க," என்றான் நுஃமான்.

"ஒண்ணு வாசிச்சுடு தம்பி. வேன்ல ஸ்பேர் இருக்குல்ல, அதுல வாசி."

"ஸ்பேர் எதுக்கு? மச்சான் கிட்டாரே உள்ள இருக்கு," என்று எழுந்தார் கமலநாதன்.

"அது வேணாம்ண்ணே," என்றார் வாணி.

புருஷனுடைய கிட்டாரில் இன்னொருவன் கை வைப்பது பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான் நுஃமான். அதற்குள் கமலநாதன் அதைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டார். யாரோ சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் இழுத்துப் போட்டார்கள்.

இனி ஒரு வழிதான். கேவலமாக வாசிப்பது. நேற்றுதான் கிட்டாரைத் தொட்டவன் மாதிரி, கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி. சிரித்துவிட்டுப் போகட்டும்.

வயரைச் செருகிக் கம்பியைத் தட்டினான். சத்தம் வரவில்லை. குமிழைத் திருகினான். வேறு வயர் போட்டுப் பார்த்தான். ஸ்பீக்கர் இரைந்துகொண்டுதான் இருந்தது. கிட்டார்தான் ஊமை.

"வயர் இழுக்கவும் தெரியலபோல," என்றது ஒரு குரல்.

சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டு வயர்கள் கட்டர் வைத்து நேராக வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது.

எவனோ வேண்டுமென்றே செய்திருக்கிறான். நடு மேடையில் அவரை அசிங்கப்படுத்தப் பார்த்திருக்கிறான்.

வாணி அவன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"யாரோ வெட்டியிருக்காங்க அண்ணி," என்றான் மெதுவாக. "ரொம்ப நாளாச்சு. இதைத் தூக்கிட்டு எத்தனை மேடையில நின்னாரோ, பாவம்."

வாணி அவன் கையிலிருந்த மூடியை வாங்கி, இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அவரேதான் வெட்டினாரு தம்பி, நீ வாசிக்கிறப்ப தன் கை குறுக்க வந்துடக் கூடாதுன்னு."