கம்பிக்குழாயும் தேய்ந்த கட்டையும்

தணிகாசலம் தம்முடைய இருபத்தாறு வயதுக் காரின் முன்சக்கரங்களில் இருந்த ரப்பர் பிரேக் குழாய்களைக் கழற்றிவிட்டு, எஃகுக் கம்பி பின்னிய இரண்டு குழாய்களை மாட்டினார்.

வலப்பக்கக் குழாய், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டையிடம் பெருமையடித்தது. “பிரேக்கை மிதித்தால் ரப்பர்காரன் உப்பிப்போவான், அண்ணே. ஐயா மிதிப்பதில் ஒரு துளி குறையாமல் நான் கொண்டுவந்து கொடுப்பேன்.”

“கொடுப்பாய் தம்பி, வாங்கிக்கொள்ள நான் இருக்க வேண்டுமே! பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்தேன், இப்போது ஒன்றுதான் மிச்சம். மலையிறக்கத்தில் என்னால் பிடிக்க முடியாது.”

“ஐயாவிடம் சொல்லவில்லையா?”

“மூன்று வாரமாகக் கீச்சுக்கீச்சென்று கத்துகிறேன். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார்.”

மறுநாள் மலையிறக்கத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஐயா ஓங்கி மிதித்தார். குழாய் அத்தனையையும் கொடுத்தது. கட்டை தேய்ந்து தீர்ந்த இடத்தில் வெறும் இரும்பு உரசியது. ஆடு தாவித் தப்பியது. கார் மண்மேட்டில் முட்டி நின்றது.

தணிகாசலம் இறங்கினார். குனிந்து, பளபளத்த குழாயைத் தடவிக்கொடுத்தார்.

“நல்லவேளை, உன்னை மாட்டினேன். இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்!”

அங்கிருந்தே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பின்சக்கரங்களுக்கும் இரண்டு குழாய் வாங்கிவைக்கச் சொன்னார்.